மஞ்சள் மட்டும் போதுமா?

கொல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவ நண்பர்களே!

"நாள்தோறும் மஞ்சள் உண்ணும் நமக்கு மறதிநோய் அண்டாது" என்று பெருமை பேசுவோர் நம்மிடையே பலர் உண்டு. அப்பெருமையை நான் ஏற்பதற்கில்லை.

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின், ஆக்சிஜனால் உயிரணுக்களுக்கு நேரும் சிதைவைத் தடுக்க வல்லது. ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை இது. ஆனால் அமெரிக்காவில் ஆல்சைமர் நோயாளர் 36 பேரைக் கொண்டு 24 வாரம் சோதித்து, 2012இல் வெளியிட்ட ஆய்வில் பயன் ஏதும் தென்படவில்லை. குருதியில் கலந்ததே மிகச் சொற்பம். மூளையை எட்டுவது எங்ஙனம்?

அதற்காகச் செடியைத் தூற்றலாமா? கூடாது. செடி குறிப்புத் தரும். மருந்தாக்குவது வேதியியலின் கடமை. மூலக்கூறை மாற்றியமைத்து, குருதியில் நிலைக்கவும் மூளைக்குள் நுழையவும் செய்தல் வேண்டும். பின்னர் மனிதரிடம் மெய்ப்பித்தலும் வேண்டும். வேறொரு வழியில் வேலை செய்வதாயினும், பனித்துளி மலர்ச்செடியில் கண்ட காலன்டமின் 2001இல் அங்கு ஆல்சைமர் மருந்தாக ஒப்புதல் பெற்றது. நோயை அது தீர்க்காது. சிலருக்கு அறிகுறிகளைச் சற்றே தணிக்கும்.

நமக்கு வழிகாட்டி இந்நகரிலேயே வாழ்ந்தவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அசீமா சாட்டர்ஜி (1917–2006), வங்காளியர் சுசுனி என்று சமைத்துண்ணும் ஆரைக்கீரை இனத்தை ஆராய்ந்து, வலிப்புக்கு ஆயுஷ்-56 என்னும் மருந்து கண்டார். கீரையைப் புகழ்ந்து அவர் அமர்ந்துவிடவில்லை. பிரித்தார், பகுத்தார், சோதித்தார்.

பெற்ற மகனின் பெயரையே தாய் மறக்கும் கொடுமைக்குப் பழம்பெருமை மருந்தாகாது. வேதியியல் பயிலும் தோழர்களே, பாட்டி சொல்வதைக் கேளுங்கள், கேட்டதைச் சோதியுங்கள்!