சிம்மாசனம் திரும்பியது, மன்னன் திரும்பவில்லை

1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் கண்டி அரண்மனை மண்டபத்தில், பிரித்தானிய ஆளுநர் ரொபர்ட் பிரவுன்றிக் முன்னிலையில் ஓர் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. இலங்கைத் தீவின் இறுதி முடியாட்சி அன்றுடன் அற்றுப்போனது. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர் சிறைப்பிடிக்கப்பட்டிருந்த மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அரியணைக்குரிய உரிமை அனைத்தையும் இழந்ததாக அதில் அறிவிக்கப்பட்டது.

இவ்வளவும் பாடநூல்களில் உள்ளன. ஆனால் அதே உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவைப் பலர் அறியார். மன்னனின் உறவினரான ஆண்கள் அனைவரும் கண்டி அரசின் பகைவர் என அப்பிரிவு பிரகடனம் செய்தது. அத்துடன், வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வருதலையும் அது தடைசெய்தது. தமிழரையும் பிற தென்னிந்தியரையும் குறிக்கக் குடியேற்ற ஆட்சியாளர் கையாண்ட பொதுப்பெயரே 'மலபார்' என்பதாகும்.

மன்னன் மதுரை நாயக்கர் வழிவந்தவன். அவனது ஆட்சி கொடுமைகள் அற்றதன்று. 1814 இல் எகலப்பொலையின் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டமை மன்னிக்கத்தக்க செயலன்று. எனினும், ஒருவன் இழைத்த குற்றத்திற்காக அவன் பிறந்த இனத்தையே நாடுகடத்துவது எவ்வகை நீதி?

1816 சனவரியில் மன்னனும் குடும்பத்தினரும் கொழும்பிலிருந்து கப்பலேற்றப்பட்டு, தமிழகத்தின் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டனர். திப்பு சுல்தானின் மக்கள் முன்னர் காவலில் இருந்த அதே கோட்டை அது. அங்கேயே 1832 சனவரி 30 இல் மன்னன் மறைந்தான். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவனது நினைவிடமாகும்.

மன்னனை வீழ்த்தியவர்களும் வாழ்ந்துவிடவில்லை. 1817-18 கிளர்ச்சியை ஆங்கிலேயர் இரத்தத்தில் அடக்கினர். உடன்படிக்கையில் கையொப்பமிட்ட எகலப்பொலையே பின்னர் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829 இல் அங்கு மாண்டான். அந்நியனின் பேனாவால் அயலானை விலக்கியவன், அதே பேனாவால் தானும் விலக்கப்பட்டான்.

மூன்றாம் பிரிவின் சிந்தனை அந்நியருடன் கப்பலேறிச் சென்றுவிடவில்லை. சுதந்திர இலங்கையின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை அவர்தம் விருப்பம் கேளாமலே இந்தியாவுக்கென ஒதுக்கியது. பிறந்த மண்ணில் எவர் அந்நியர் என்பதை மீண்டும் ஒரு காகிதமே தீர்மானித்தது.

ஆங்கிலேயர் கவர்ந்துசென்ற கண்டிச் சிம்மாசனம் 1934 இல் திருப்பி அளிக்கப்பட்டது. மன்னனின் சிங்கக்கொடி 1948 இல் தேசியக்கொடியாக ஏற்றப்பட்டது. கொடியும் அரியணையும் உரிமைகோரப்பட்டன. அவற்றுக்குரியவனோ அந்நியனாகவே நினைவுகூரப்படுகின்றான்.

புலம்பெயர்ந்த தேசங்களில் வளரும் பிள்ளைகள், தம் பெற்றோர் ஏன் மண்ணை விட்டு வந்தனர் என வினவும்போது, விடையை 1983 இலிருந்து மட்டும் தொடங்குதல் போதாது. மன்னனைப் புனிதனாக்கவும் வேண்டா, கொடுங்கோலன் என்ற ஒரு சொல்லில் அடக்கவும் வேண்டா. அந்த மூன்றாம் பிரிவைப் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கட்டும். ஓர் இனத்தை அந்நியமாக்கும் சட்டம் எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதை அறிந்த தலைமுறையே, எந்நாட்டில் வாழினும் அத்தகைய சட்டத்தை முதல் வரியிலேயே இனங்கண்டு எதிர்க்கும்.