ஜீன்ஸ் போட்டா ஜன்னிதான் பாஸ்!

செமஸ்டர் லீவு விட்டா ஊட்டி, கொடைக்கானல், கொஞ்சம் காசு சேர்ந்தா கோவா... இதுதானே நம்ம ரூட்? இப்போ தாம்பரம், குரோம்பேட்டை கேங்குகள்ல புதுசா ஒரு ஜுரம். 'மச்சி, குல்மார்க் போறோம், ஸ்கீயிங் பண்றோம்!'

போங்க, தாராளமா போங்க. 2025 ஜூன்ல கத்ரா - ஸ்ரீநகர் ரயில் பாதையும் திறந்தாச்சு. ஸ்ரீநகர்ல இருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர்தான். ஆனா, என்னத்தைப் போட்டுக்கிட்டுப் போறது? டிசம்பர் ராத்திரி 20 டிகிரிக்கு இறங்கினாலே போர்வைக்குள்ள சுருண்டுக்கிற ஊர் நம்மளுது. ஜனவரி குல்மார்க்ல ராத்திரி மைனஸ் 7, மைனஸ் 8 எல்லாம் சர்வ சாதாரணம்!

பேக் பண்ணும்போது முதல்ல வெளியே எடுத்து வைக்க வேண்டியது உங்க ஃபேவரைட் ஜீன்ஸ். ஸ்கீயிங் பழகுறவங்க சறுக்குவதைவிட விழுவதுதான் அதிகம். ஜீன்ஸ் பனியை உறிஞ்சும், லேசுல காயாது. ஹீட் டிரான்ஸ்ஃபர் படிச்சவங்களுக்குத் தெரியும், தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு அதிகமா சூட்டைக் கடத்தும். வியர்வையும் அப்படித்தான். ஒரு கிராம் வியர்வை ஆவியாக சுமார் 2,400 ஜூல் சூட்டை உடம்புல இருந்து உருவிக்கிட்டுப் போகும். தாம்பரம் வெயில்ல அது வரம், அங்கே சாபம்! காட்டன் டி-ஷர்ட், காட்டன் பனியனுக்கும் அதனாலதான் தடா.

வெங்காயத் தோல் மாதிரி மூணு அடுக்கு போடணும். உடம்போடு ஒட்டி பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி தெர்மல் (காட்டன் தெர்மலும் கடையில விக்கிறாங்க, லேபிளைப் படிங்க!). அதுக்கு மேல ஃப்ளீஸ். ஊட்டி திபெத்திய மார்க்கெட்ல வாங்கின அசல் கம்பளி ஸ்வெட்டர் இருந்தா அதுவே போதும். ஆனா, அதையே மேல் சட்டையா போட்டா பனி பூந்து, உருகி, ஊறிடும். மேலே வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட், பேண்ட். லேபிள்ல 10,000 மி.மீ. என்று இருந்தா, 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும்னு அர்த்தம்.

'பைக் மழைக்கோட்டு இருக்கே பாஸ்?' என்பீங்க. அது வெளித் தண்ணியைத் தடுக்கும், சரி. உள்ளே இருக்கிற வியர்வை ஆவியையும் சேர்த்துப் பூட்டிடும். அரை மணி நேரத்துல உள்ளே இட்லிக் குண்டான்தான்!

போற வழியில தங்மார்க்ல நீளக் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குக் கொடுப்பாங்க. பனியில நின்னு போட்டோ எடுக்க ஓகே. ஸ்கீ பண்ண அந்தக் கோட்டு காலைத் தடுக்கும், கம்பூட் ஸ்கீயில மாட்டவே மாட்டாது. ஸ்கீ, அதுக்கான பூட், கம்பு எல்லாம் குல்மார்க்லயே வாடகைக்குக் கிடைக்கும். தெர்மல், சாக்ஸ், கிளவுஸ் மட்டும் சொந்தமா வாங்கிடுங்க. அடுத்தவன் வியர்வை நமக்கெதுக்கு?

எல்லாரும் கோட்டை விடுற இடம் சாக்ஸ். குளிருதேன்னு ரெண்டு ஜோடி மாட்டினா பூட் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் ஜில்லுன்னு ஆகும். பூட்டுக்கு மேல வர்ற நீளத்துல, மெல்லிசா ஒரே ஜோடி போதும். தெர்மல் பேண்ட்டையும் பூட்டுக்குள்ள திணிக்காதீங்க. அந்தச் சுருக்கம் சாயங்காலத்துக்குள்ள தோலை உரிச்சுடும். நேரா நின்னா விரல் நுனி பூட்டை லேசா தொடணும், முட்டியை மடக்கினா பின்வாங்கணும். அதுதான் சரியான சைஸ்.

இப்போ கொஞ்சம் சீரியஸ். 2009 மார்ச்ல நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவுல ஸ்கீயிங் பழகப் போனார். புதுசா பழகுறவங்களுக்கான சரிவுல, ஹெல்மெட் இல்லாம விழுந்தார். எழுந்து நல்லாத்தான் பேசினார். மண்டைக்குள் ரத்தக்கசிவு. ரெண்டே நாள்ல போய்ச் சேர்ந்துட்டார். 'சின்னச் சரிவுதானே'ன்னு நினைக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. தலையில அடிபட்டா, வலி இல்லைன்னாலும் டாக்டர்கிட்ட போயிடணும். மேடவாக்கம் சிக்னல்ல போலீஸைப் பார்த்ததும் மாட்டுற ஹெல்மெட் இங்கே உதவாது, கனம். ஈ.என். 1077 என்ற குறி உள்ள ஸ்கீ ஹெல்மெட்டாப் பாருங்க. அதைப் போட்டுட்டா சூப்பர்மேன்னும் கிடையாது. 2013 டிசம்பர்ல மைக்கேல் ஷூமேக்கர் ஹெல்மெட்டோடதான் பாறையில மோதினார்.

பாட்டி கொடுத்துவிடுற குரங்குக் குல்லா ஹோட்டல் ரூமுக்கு மட்டும். ஹெல்மெட்டுக்குள்ள மாட்டினா ஹெல்மெட் சரியா உட்காராது. தொங்குற மஃப்ளர், துப்பட்டா லிஃப்ட்ல மாட்டிக்கும். கழுத்தைச் சுத்தி ஒட்டுற துணிக்குழாய் ஒண்ணு போதும்.

குளிர்ல சன்ஸ்க்ரீனான்னு சிரிக்காதீங்க. ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவிகிதம் கூடும். குல்மார்க் 2,600 மீட்டருக்கு மேல! புதுப் பனி வேற அந்தக் கதிர்ல 80 சதவிகிதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாம ஒரு நாள் சுத்தினா, ராத்திரி கண்ணுல மண்ணைக் கொட்டின மாதிரி எரியும். யு.வி. தடுக்கிற காகிள்ஸ் கட்டாயம்.

கடைசியா கிளவுஸ். கம்பளியில பின்னினது வேண்டாம், நனைஞ்சுடும். 'வாட்டர்ப்ரூஃப்'னு எழுதியிருந்தாலும் அப்படியே நம்பாதீங்க. ரயில் ஏறுறதுக்கு முன்னாடி கையில மாட்டி, மணிக்கட்டுக்குக் கீழே வரைக்கும் பாத்ரூம் பக்கெட்ல ரெண்டு நிமிஷம் முக்குங்க. விரல் நனைஞ்சா, அந்த கிளவுஸ் தாம்பரத்துலயே இருக்கட்டும்.