பனியன் ஊருக்கு ஒரு தொட்டிச் செடிக் காட்சி வேண்டும்

துணி நெய்கிறவனுக்கும் பூச்செடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறையச் சம்பந்தம் உண்டு.

இங்கிலாந்தில் லங்காஷயர் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. மான்செஸ்டர் நகரம் அந்தப் பக்கத்தில்தான். நம் கைத்தறியை ஒரு காலத்தில் நசுக்கிய மில் துணி அங்கிருந்துதான் கப்பல் ஏறி வந்தது. ஆனால் மில்கள் வருவதற்கு முன்னே அந்த ஊரிலும் கைத்தறிதான். வீட்டுக்கு வீடு தறி. புருஷன் நெய்வான். பெண்சாதி நூல் சுற்றுவாள். பிள்ளைகள் எடுபிடி வேலை செய்வார்கள்.

அந்த ஏழை நெசவாளிகள் ஒரு செடியை வளர்த்தார்கள். அதன் பெயர் ஆரிகுலா. சாண் உயரம் கூட வளராத சின்னச் செடி. அதன் சொந்த ஊர் லங்காஷயர் அல்ல. ஐரோப்பாவின் பெரிய மலையான ஆல்ப்ஸ் மலை. மலையில் மேலே போகப் போக மரங்கள் குட்டையாகும். அதற்கும் மேலே போனால் மரமே இராது. பாறையும் பனியுமாகக் கிடக்கும். அந்த இடத்தில், பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு வளரும் செடிகளை "ஆல்பைன் செடிகள்" என்பார்கள். ஆரிகுலா அந்த ஜாதி.

மலைப் பாறையில் பிறந்த செடியை ஒரு மண் தொட்டியில், புகை படிந்த நெசவுத் தெருவில் பிழைக்க வைப்பது லேசான காரியமா? அதை அவர்கள் செய்தார்கள்.

ஆரிகுலாவின் இலையிலும் பூவிலும் மாவு பூசினாற்போல வெள்ளைப் பொடி இருக்கும். ஒரு சொட்டு மழை விழுந்தால் அந்த மாவு கலைந்துவிடும். அழகு போய்விடும். வெயில் ஏறினால் செடி வாடும். ஆகவே மேகம் கறுத்தால் தொட்டியை உள்ளே எடுக்க வேண்டும். உச்சி வெயிலில் நிழலுக்கு மாற்ற வேண்டும். நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கிறவனால்தான் இது முடியும். நெசவாளி வீட்டில் இருந்தான். தறியை நிறுத்திவிட்டு நாலு எட்டு வைத்தால் தொட்டி. பார்த்துவிட்டு வந்து மறுபடி நெய்வான்.

வசந்த காலத்தில் காட்சி நடக்கும். பெரிய மாளிகையில் அல்ல. ஊர்ச் சத்திரத்தில் நடக்கும். சின்ன நுழைவுக் கட்டணம் கட்டி, அவரவர் தொட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். நடுவர்கள் ஒவ்வொரு பூவாகப் பார்ப்பார்கள். நடுவில் மஞ்சள் வட்டம். அதைச் சுற்றி வெள்ளை வளையம். அதற்கு வெளியே கறுப்பு. ஓரத்தில் பச்சை. ஒவ்வொரு வளையமும் காம்பஸ் வைத்து வரைந்தாற்போல இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் பரிசு போச்சு. ஜெயித்தவனுக்குச் செம்புக் கெண்டி ஒன்று பரிசு.

அந்தக் கெண்டிக்காக அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெருவாத்தின் எச்சத்தை மாட்டு இரத்தத்தில் ஊற வைத்து எருவாகப் போடச் சொல்லி ஒருவர் புத்தகமே எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படிச் சகித்தார்களோ தெரியாது!

ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்று இன்னொரு நெசவு ஊர். "பெய்ஸ்லி டிசைன்" என்றால் திருப்பூரில் பிரிண்டிங் வேலை செய்கிறவர்களுக்கு உடனே புரியும். நம்முடைய மாங்காய் உருவந்தான். காஷ்மீர் சால்வையைப் பார்த்து அந்த ஊரார் நெய்தார்கள். ஊர்ப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்த நெசவாளிகளும் பூப் பைத்தியங்கள்தான். இதழின் ஓரத்தில் சரிகை வைத்தாற்போல இருக்கும் "பிங்க்" என்ற பூவை வளர்த்துப் பேர் வாங்கினார்கள். துணியில் கரை போடத் தெரிந்தவன் கண்ணுக்குப் பூவின் கரையும் தெரிந்தது.

சங்கு ஊதியது

பிறகு மில் வந்தது. வீட்டுத் தறி நின்றது. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால்தான் வெளியே வரலாம் என்று ஆயிற்று. மழை வந்தால் தொட்டியை யார் எடுப்பது? கைத்தறியோடு சேர்ந்து அந்தப் பூச்சங்கங்கள் பலவும் தேய்ந்தன.

ஆனால் அடியோடு அழியவில்லை. 1870-களில் ஆரிகுலாவுக்கென்று தேசிய அளவில் சங்கம் வைத்தார்கள். 1929-ம் ஆண்டு ஆல்பைன் செடிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சங்கம் இங்கிலாந்தில் பிறந்தது. இன்றைக்கும் அது காட்சி நடத்துகிறது. காட்சியிலேயே சிறந்த செடிக்கு ஒரு பதக்கம். அந்தப் பதக்கத்துக்கு ரெஜினால்ட் ஃபேரர் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். மலைச் செடிகளைத் தேடித் தேடி அலைந்து, 1920-ம் ஆண்டு பர்மா மலையில் உயிரை விட்டவர் அவர்.

அந்தக் காட்சிகளில் எனக்குப் பிடித்தது, தொட்டியின் அளவுதான். சின்னத் தொட்டி என்றால் 19 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தச் சாண் மண்ணுக்குள் ஒருவர் பத்து வருஷம், இருபது வருஷம் ஒரே செடியை வளர்த்துக் கொண்டுவருவார். பச்சைப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். மேலே இலை தெரியாமல் பூ மூடியிருக்கும். நேற்றுக் கடையில் வாங்கியதை இன்று வைத்துப் பரிசு வாங்க முடியாது. தன் கையால் வளர்த்திருக்க வேண்டும்.

உதகையில் என்ன பார்க்கிறோம்?

இதைத் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு எதற்குப் பேசுகிறேன்?

மே மாதம் வந்தால் நம் ஊர்க் குடும்பங்கள் வேன் பிடித்து அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக உதகைக்குப் போகின்றன. மலர்க் காட்சி பார்க்கத்தான். 1848-ம் ஆண்டு மெக்ஐவர் என்ற தோட்டக் கலைஞர் உருவாக்கத் தொடங்கிய பூங்கா அது. மலர்க் காட்சி 1896-ம் ஆண்டு தொடங்கியது. 2025-ல் நடந்தது 127-வது காட்சி. பார்க்க வேண்டிய இடந்தான். குறை சொல்லவில்லை.

ஆனால் கூட்டம் எதன் முன்னால் நிற்கிறது? பூக்களை அடுக்கிச் செய்த மலை ரயில், அரண்மனை, யானை இவற்றின் முன்னால். ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் பூ. போட்டோ எடுக்கிறோம். திரும்பி வருகிறோம். வெட்டி வைத்த பூ வாடிப்போகிறது. காட்சி மாடத்தில் வரிசையாக இருக்கும் தொட்டிகளையும், பனிக்காலத்தில் உறைபனி கருக்காமல் செடிகளை மிலார் கொண்டு மூடிக் காப்பாற்றிய தொழிலாளியின் கையையும் எத்தனை பேர் நினைக்கிறோம்?

வரும்போது வழியில் ஒரு செடி வாங்குகிறோம். அது ஆடி மாதத்துக்குள் செத்துப்போகிறது. "நம்ம வீட்டில் ராசி இல்லை" என்று பாட்டி சொல்லுவாள். ராசி அல்ல. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருப்பூர் ஏறக்குறைய 300 மீட்டர். ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 6 டிகிரி சூடு கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிலும் இரவு வெப்பந்தான் எமன். பகலில் வெயிலில் சமைத்த உணவைக் குளிர்ந்த இரவில் செடி சேமித்து வைக்கும். இரவும் சூடாக இருந்தால் சேமிப்பையெல்லாம் மூச்சு விட்டே கரைத்துவிடும். தகர ஷீட் போட்ட காம்பவுண்ட் வீட்டில் நமக்கே தூக்கம் வருவதில்லை. மலைச் செடி என்ன செய்யும்?

இன்னொரு சங்கதி. "பிரம்ம கமலம் பூத்தது" என்று ராத்திரி விளக்கேற்றிக் கும்பிடுகிறோமே, அது இமயமலைப் பிரம்ம கமலம் அல்ல. மெக்ஸிகோப் பக்கத்துக் கள்ளி இனம். உண்மையான பிரம்ம கமலம் நாலாயிரம் மீட்டர் உயரத்தில், பனிப் பாறைகளுக்கு நடுவே பூக்கிற ஆல்பைன் செடி. கேதார்நாத்தில் சுவாமிக்குச் சாத்துகிறார்கள். அது திருப்பூரில் பூக்காது. கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. இரவில் மலர்ந்து விடிவதற்குள் வாடும் எந்தப் பூவுக்கும் விளக்கேற்றலாம்.

ஆகவே ஆல்பைன் செடியைத் திருப்பூரில் வளர்க்கச் சொல்வது என் நோக்கம் அல்ல. செடி மலையிலேயே இருக்கட்டும். அதை வளர்த்த நெசவாளியின் காட்சி மட்டும் இங்கே வரட்டும்.

நம் ஊர்ப் பாறைச் செடி

நம் காங்கயம், தாராபுரம் பக்கத்து மேட்டு நிலம் பாறையும் சரளையுந்தான். அங்கேயும் பாறை இடுக்கில் பிழைக்கிற செடிகள் உண்டு. மலைச் செடி பனிக்கு அடியில் தூங்கும். நம் செடி வெயிலில் தூங்கும். இரண்டும் விழிக்கிற நேரம் பார்த்து விழிக்கும்.

கிளுவை வேலி ஓரத்தில் கள்ளிமுளையானைப் பார்த்திருப்பீர்கள். விரல் கனத்தில், நாலு பட்டையாக, இலையே இல்லாமல் நிற்கும். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் ஒடித்துத் தின்பார்கள், புளிக்கும். மழைக்குப் பின் சின்னச் சின்ன நட்சத்திரப் பூ விடும். மூக்கைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். அது ஈக்களுக்காகப் பூக்கிற பூ! தோட்டக்காரரைக் கேட்டு ஒரு துண்டு ஒடித்து வந்தால் போதும். வேரோடு பிடுங்க வேண்டாம். வெட்டிய இடம் காயும்வரை சில நாள் நிழலில் வைத்து, பிறகு நடுங்கள்.

மண் கலவையில் ஆல்பைன்காரர்கள் சொல்வதை அப்படியே கேட்கலாம். பாதிக்கு மேல் சரளையும் பெருமணலும். மீதி மக்கிய இலை. செடியின் கழுத்தைச் சுற்றிப் பொடிக்கற்களைப் பரப்புங்கள். ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் வடிய வேண்டும். தண்ணீர் இல்லாமல் செத்த கள்ளி குறைவு. தண்ணீர் தேங்கி அழுகியதுதான் அதிகம்.

கண்வலிக்கிழங்கும் நம் சொத்து. செங்காந்தள் என்பதும் அதுதான்; தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர்ப் பக்கம் விதைக்காக ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். கலப்பை போல வளைந்த கிழங்கு. நுனியில் இருக்கும் ஒற்றை முளை ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. ஆனி, ஆடியில் நட்டால் புரட்டாசி, ஐப்பசியில் தீ நாக்கு மாதிரி பூ மேலே வளையும். ஆனால் அது கொடிய விஷம். கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். தொட்டால் கையைக் கழுவுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நொய்யல் கெட்ட கதை எல்லாருக்கும் தெரியும். 2011-ம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற அளவுக்குப் போனது. இன்றும் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்புத்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வையுங்கள். ஒரு தொட்டிக்கு எவ்வளவு வேண்டும்? வாரம் ஒரு சொம்பு.

யார் நடத்துவது?

காட்சியைப் புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம். ஒரு பள்ளிக்கூடத்து வராந்தா போதும். ஒரு வீட்டுக்கு ஒரு தொட்டி. ஒரு சாண் அகலம். வாங்கிய செடி கூடாது. ஒரு வருஷமாவது வளர்த்திருக்க வேண்டும். தொட்டிக்குப் பெயிண்ட் அடித்தவருக்கு மார்க் கிடையாது. மதுரை, தேனியிலிருந்து வந்தவர்களும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகளும் வைக்கலாம். அவர்களில் பல பேருக்கு இந்த ஊரில் ஒரு பிடி மண் சொந்தமில்லை. லைன் வீட்டை எப்போது காலி செய்யச் சொல்வார்களோ தெரியாது. தொட்டி என்றால் பெட்டியோடு அதையும் தூக்கிக்கொண்டு போகலாம்.

"தினம் ஒன்றரை ஷிப்டு ஓட்டுகிறவனுக்குச் செடி ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. லங்காஷயரில் பூவைக் கொன்றது மில் சங்கு என்று முன்னே சொன்னேன். அதனால்தான் இந்தக் காட்சிக்குச் சங்கங்களிடம் பணம் கேட்பதைவிட, பனியன் கம்பெனி முதலாளிகளிடம் வேறொன்று கேட்கச் சொல்கிறேன். ஆர்டர் அவசரம் இருக்கும், கப்பல் தேதி இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை சம்பளம் வாங்கும் நாளிலாவது, பொழுது இருக்கும்போதே ஆட்களை வீட்டுக்கு அனுப்புங்கள். ஹாஸ்டல் பெண்களுக்கு மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிடுங்கள். பரிசுச் செம்புக் குடத்தை ஊரார் வாங்கிக்கொள்வார்கள்.