ஆயுதமும் பிரஜையும்

வெள்ளையருக்கு விலக்களித்து, இந்தியனை மட்டும் லைசென்ஸுக்காகக் கச்சேரி வாசலில் காத்து நிற்கச் செய்த 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் அவமானத்தை நெஞ்சில் சுமந்தே, 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் பிரஜைகளின் உரிமையாகப் பிரகடனம் செய்தது. ஆயினும் 1948 டிசம்பரில், அவ்வுரிமையைச் சாசனத்தில் சேர்க்கும்படி எச்.வி.காமத் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொணர்ந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்க மறுத்தது சரியே என்பது என் திடமான அபிப்பிராயம். காந்தியடிகளின் மார்பில் குண்டுகள் பாய்ந்து ஓராண்டுகூட நிறையாத காலம் அது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் மலையோரத்து விவசாயிக்கு லைசென்ஸ் அவசியந்தான், மறுப்பாரில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியையும் தேர்தல் வேளையில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது பெறும்படி கேட்க, அதை நம்பிக் கொடுத்த சமூகத்துக்குப் பூரண அதிகாரம் உண்டு.