மசாஜ் கோர்ஸ் சேரப்போறீங்களா... ஃபீஸ் கட்டும் முன் இதைப் படிங்க!

புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு ரவுண்டு வாங்க. ஸ்பா, ஆயுர்வேத மசாஜ் போர்டுகள் கண்ணில் படாமல் இருக்காது. 'கோர்ஸ் முடிச்சா வேலை, கூடவே லைசென்ஸ்' என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நில்லுங்க!

கனடாவின் ஒன்டாரியோவில் மசாஜ் தெரபிஸ்ட் ஆகணும்னா, அங்கீகரிக்கப்பட்ட கோர்ஸ் முடித்து, தேர்வு எழுதி, பதிவும் செய்யணும். அதற்கென 1991-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். நம்ம ஊரில் மசாஜுக்கென்று அப்படி ஒரு கவுன்சில் கிடையாது. ஸ்பா ஓனர் வாங்கும் லைசென்ஸ் கடைக்குத்தான், உங்கள் கைத்திறமைக்கு இல்லை.

அதனால் என்ன என்கிறீர்களா? ரெய்டு வந்தால், முறையாகத் தொழில் கற்றவரும் சந்தேகப் பார்வைக்குத் தப்ப முடியாது. காட்டுவதற்குப் பதிவு எண் இல்லையே! ஸ்பாக்களில் சிசிடிவி வைக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வந்தது. ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று 2022 ஜனவரியில் மதுரைக் கிளை சொன்னது. கேமரா இருக்கட்டும்... மசாஜ் செய்பவர் முறையாகக் கற்றவரா என்பதல்லவா முதல் கேள்வி?

அப்போ எதைப் படிக்கலாம்? பிசியோதெரபி, 2021-ம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறது. புதுச்சேரியிலேயே அரசின் அன்னை தெரசா நிறுவனத்தில் அதைப் படிக்கலாம். மசாஜ்தான் விருப்பம் என்றால், புனேயில் உள்ள தேசிய இயற்கை மருத்துவ நிறுவனம் சிகிச்சை உதவியாளர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி தருகிறது.

சர்டிஃபிகேட் கொடுப்பது யார், அதை ஏற்பது யார்? பணம் கட்டும் முன் இந்த ரெண்டையும் கேட்டுடுங்க!