ஒரே ஓர் எண்ணை நம்பி மருந்தை மாற்றலாமா?

திருநாவலூர் வட்டாரத்தில் சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ உள்ள ஒருவர் ஓராண்டில் பல இடங்களில் அளக்கப்படுகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓர் அளவு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் வீடு தேடி வரும்போது ஓர் அளவு. உளுந்தூர்பேட்டையிலோ கள்ளக்குறிச்சியிலோ பரிசோதனை நிலையத்தில் ஓர் அளவு. வெளிநாட்டிலிருக்கும் மகன் வாங்கி அனுப்பிய கருவியில் இன்னோர் அளவு. இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 'இவற்றுள் எது சரி?' என்று குடும்பத்தார் கேட்கின்றனர். விடை கிடைக்காதபோது, தமக்கு உவப்பான எண்ணைத் தேர்ந்துகொண்டு மாத்திரையைப் பாதியாக்குவோரும் உண்டு. அச்சமூட்டும் எண்ணைக் கண்டு இன்சுலினைத் தாமே கூட்டிக்கொள்வோரும் உண்டு. இரண்டுமே உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடியவை.

'எது சரி?' என்று கேட்பதற்கு முன் 'எப்படி அளந்தது?' என்று கேட்க வேண்டும் என்பதே நமது கருத்து. பிழையே இல்லாத அளவீடு உலகில் இல்லை. ஆயினும் பிழைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. வகையை அறிந்தால்தான் அதற்குரிய மாற்று வழியையும் அறியலாம்.

நம் பிள்ளைகள் பதினோராம் வகுப்பு இயற்பியலில் மூவகைப் பிழைகளைப் படிக்கின்றனர். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகச் சாய்வது முறையான பிழை. ஒருமுறை கூடியும் மறுமுறை குறைந்தும் வருவது ஒழுங்கற்ற பிழை. அளப்பவரின் கவனக்குறைவால் நேர்வது மொத்தப் பிழை. தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தால் நூறு முறை நிறுத்தாலும் எடை ஒரே அளவு தவறாகவே வரும். அது முதல்வகை. காற்றில் தட்டு ஆடுவதால் எடை மாறி மாறி வருவது இரண்டாம் வகை. எழுபதைப் பதினேழு என்று ஏட்டில் எழுதிவிடுவது மூன்றாம் வகை.

இந்த வேறுபாட்டை உணர்ந்து செயல்பட்ட பெரும்பணி ஒன்று தமிழ்நாட்டிலேயே தொடங்கிற்று. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும். நீண்ட சங்கிலி ஒவ்வொரு முறையும் தூரத்தைக் குறைத்தே காட்டும். எத்தனை முறை திரும்ப அளந்தாலும் அப்பிழை நீங்காது. ஆகையால் அவர் வெப்பமானிகளைக் கொண்டு சூட்டைக் குறித்து, கணக்கில் திருத்தம் செய்தார். முறையான பிழைக்கு மருந்து காரணத்தைக் கண்டு களைவதேயன்றி, மீண்டும் மீண்டும் அளப்பது அன்று.

இப்போது இரத்த அழுத்தத்துக்கு வருவோம். 'மூன்று முறை பார்த்தோம், மூன்று முறையும் அதிகமாகவே இருந்தது' என்கின்றனர். கையில் சுற்றிய பட்டை புயத்துக்குச் சிறியதாக இருந்தால் மூன்று முறையும் அதிகமாகத்தான் காட்டும். கை தாங்கலின்றித் தொங்கினாலும் அவ்வாறே. பட்டை இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 7 முதல் 8 புள்ளிகள் கூடுதலாகத் தெரியும். சிறுநீரை அடக்கிக்கொண்டு அமர்வதும், அளக்கும்போது பேசுவதும், பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்த உடனே அளப்பதும் எண்ணை உயர்த்தும். ஐந்து நிமிடம் அமைதியாக முதுகு சாய்த்து அமர்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை மேசைமேல் இதய மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டாம் முறை அளந்து இரண்டின் சராசரியைக் குறித்துக்கொள்க. சராசரி ஒழுங்கற்ற பிழையைக் குறைக்கும். சரியான இருக்கை முறையான பிழையைத் தடுக்கும். இரண்டும் வேண்டும்.

சர்க்கரைக் கருவியில் எல்லை இன்னும் அகலமானது. வீட்டுக் கருவிகளுக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரவிதி, நூறு அளவுகளில் தொண்ணூற்றைந்தேனும் ஆய்வக அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும் என்கிறது. அந்நெருக்கம், 100க்குக் கீழே 15 மில்லிகிராம். 100க்கு மேலே 15 விழுக்காடு. அதாவது உண்மையில் 200 உள்ளவருக்கு நல்ல கருவியே 170 என்றும் 230 என்றும் காட்டலாம். நேற்று 190, இன்று 205 என்பதைக் கண்டு 'ஏறிவிட்டது' என்று மருந்தை மாற்றுவதில் பொருளில்லை. மாம்பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் வருவதோ வேறு வகை. அங்கே கருவி பழச் சர்க்கரையையும் சேர்த்து அளக்கிறது.

மருத்துவ உலகமும் இத்தகைய பிழைகளுக்கு விலக்கன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கொரோனா காலத்தில் வீடுதோறும் புகுந்தது. கருமையான தோல் உடையவர்களில் சிலருக்கு அது ஆக்சிஜன் அளவை உள்ளதைவிட மிகுத்துக் காட்டுகிறது என்பதை 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு எண்களோடு எடுத்துக்காட்டியது. நம்மில் பலரின் தோல் கருமையானது. மூச்சுத் திணறும்போது கருவி 95 என்று காட்டினாலும், திணறலையே நம்பி மருத்துவமனைக்கு வர வேண்டும்.

'கணினி கணக்கிட்டது தவறாது' என்ற நம்பிக்கையும் ஆராயத்தக்கது. பத்தில் ஒன்று என்ற எளிய பின்னத்தைக் கணினியின் இரண்டடி எண்முறையில் முழுமையாக எழுத இயலாது; எங்கேனும் வெட்டியாக வேண்டும். 1991 பிப்ரவரியில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைக் காப்பு அமைப்பு 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியபோது, வெட்டப்பட்ட அந்தத் துளி சேர்ந்து சேர்ந்து மூன்றில் ஒரு வினாடியாகப் பெருகிற்று. வந்த ஏவுகணையை அது தடுக்கவில்லை. 28 வீரர்கள் மாண்டனர். திரையில் தெரியும் தசமப் புள்ளிகள் நுட்பத்தைக் காட்டுமேயன்றி, உண்மைக்கு உறுதி தாரா.

குடும்பங்களில் மிகுதியாக நேர்வது அலகுக் குழப்பம். சிங்கப்பூர், மலேசியா முதலிய நாடுகளிலிருந்து வரும் சர்க்கரைக் கருவிகள் மில்லிமோல் கணக்கில் காட்டும். அங்கே 7 என்பது இங்கே 126. பதினெட்டால் பெருக்க வேண்டும். அதில் 10 என்று கண்டு 'சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது' என அஞ்சி இனிப்பை ஊட்டினால், 180 உள்ளவருக்கு இனிப்பு ஊட்டியதாகும்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு என்ன? ஒப்பிட்டுப் பார்ப்பதே. திருநாவலூர் தந்த சுந்தரரைப் பற்றிப் பெரியபுராணம் கூறும் வரலாறு இதற்குப் பொருந்தும். முதுகுன்றத்தில் மணிமுத்தாற்றில் பொன்னை இடுமுன் அவர் அதில் ஒரு சிறு துண்டை மாற்றறிய எடுத்து வைத்துக்கொண்டார். திருவாரூர்க் கமலாலயத்தில் பொன்னைப் பெற்றபோது, அத்துண்டோடு உரைத்துப் பார்த்ததால்தான் மாற்றுக் குறைந்தது தெரிந்தது. கையில் ஒப்பீட்டுத் துண்டு இல்லையேல் குறை தெரிந்திராது. நம் வீட்டுக் கருவிக்கும் அப்படி ஒரு துண்டு வேண்டும்.

ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் உங்கள் இரத்த அழுத்தக் கருவியையும் சர்க்கரைக் கருவியையும் மருத்துவமனைக்கு வரும்போது உடன் கொண்டுவாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டாலும் அளந்து வேறுபாட்டைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் எண்ணை மட்டும் எழுதாமல் நாள், நேரம், உண்டதற்கு முன்னா பின்னா, எந்தக் கருவி என்பனவற்றையும் எழுதுங்கள். 138 என்று கண்டால் 138 என்றே எழுதுங்கள். 140 என்று முழுமையாக்க வேண்டாம்.

கடமை நோயாளிக்கு மட்டும் உரியதன்று. கருவிகளைக் காலந்தோறும் சரிபார்ப்பதும், பருத்த புயத்துக்குப் பெரிய பட்டையை வைத்திருப்பதும், அவசரத்தில் நின்றவாறே அளக்காதிருப்பதும் மருத்துவமனைகளின் கடமை. 'ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின் இன்னொரு முறை பாருங்கள்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் குற்றங்காணலாகக் கொள்ளும் மருத்துவப் பணியாளர் தம் பணியை இன்னும் உணராதவர் என்பதே நம் எண்ணம்.

ஒரு தடை எழலாம். 'எல்லா எண்ணிலும் பிழை உண்டெனில் அளப்பதே வீண் அல்லவா?' அன்று. 240 என்ற சர்க்கரையை எந்தப் பிழையும் 110 ஆக்கிவிடாது. சிறு ஏற்ற இறக்கத்தைப் பொருட்படுத்தாமல், வாரக்கணக்கில் தொடரும் போக்கைக் காண்பதற்கே அளவு உதவுகிறது. மருந்தை மாற்றுவது அப்போக்கைக் கண்ட மருத்துவரின் பணி.

விதிவிலக்கு ஒன்றுண்டு. நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் தோன்றினால் மறுமுறை அளந்துகொண்டிருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் கண்டு, கருவியின் எண்ணிலும் ஐயம் தோன்றினால், விழுங்கும் நிலையில் அவர் இருக்கும் வரை முதலில் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுங்கள், பிறகு அளக்கலாம். சிறிது கூடிய சர்க்கரையைப் பின்னர்ச் சரிசெய்துவிடலாம். தாழ்ந்த சர்க்கரையோ காத்திருக்காது.