‘சும்மா’வுக்கு ஒரு குறியீடு

முதுகலைப் பொருளாதாரத்தில் ஆய்வு முறையியல் எங்களுக்கு மனப்பாடப் பாடமாகத்தான் வந்தது. கருதுகோள், மாதிரி எடுத்தல், கை-வர்க்கச் சோதனை. ‘ஆய்வாளருக்குச் சார்பு கூடாது’ என்று எழுதினால் ஐந்து மதிப்பெண். வாங்கினேன்.

களப்பணிக்குப் பென்னாகரம் பக்கம் ஓர் ஊர். வினாப்பட்டியலின் முதல் கேள்வி குடும்பத் தலைவர் பெயர். தலைவர் திண்ணையிலிருந்து பதில் சொன்னார். மனைவிக்கு என்ன வேலை? “அவ சும்மாதான் இருக்கா.” அந்த அக்கா அப்போது கூலிக்குப் புளி தட்டிக்கொண்டிருந்தார். நார் உரித்து, கொட்டை எடுத்து, பக்கத்தில் ஒரு குவியல். கண்ணால் பார்த்துக்கொண்டே நான் 92 என்று எழுதினேன்.

தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டில் 92 என்றால் வீட்டு வேலை மட்டும். அதோடு விறகு, கீரை, தீவனம் சேகரித்தால் 93. இரண்டுமே உழைப்பாளர் கணக்கில் வராது. விறகு சேகரிப்பது உற்பத்திதான் என்று தேசியக் கணக்குகளுக்கான ஐ.நா. நெறிமுறையே சொல்கிறது. (சமைப்பது மட்டும் ஏன் இல்லை என்பது வேறு சண்டை.)

இதைக் கேட்டதற்கு, “பெண்ணியத்தை ஆய்வுக்குள்ள கொண்டு வராதம்மா, அறிவியலா எழுது” என்றார்கள். சரி, அறிவியலாகவே பேசுவோம். தலைவரை நூறு முறை கேட்டாலும் ‘சும்மா’ என்றுதான் சொல்வார். நம்பகத்தன்மை இருக்கிறது, ஏற்புடைமை இல்லை. கூலி வேலையைக் கண்முன்னே வைத்துக்கொண்டு 92 போடவைக்கும் கருவி பழுதான கருவி. சார்பு அந்த முதல் கேள்வியிலேயே இருந்தது.

வேறு விதமாகக் கேட்கவும் முடியும். 1970களிலேயே தேவகி ஜெயின் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் நேரத்தை அளந்தார். 2019இல் அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, முந்தைய நாள் விடிகாலை நான்கு மணியிலிருந்து அரைமணி அரைமணியாகக் கேட்டது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97.

எண்களே ஆண்களுடையவை, அனுபவம் போதும் என்கிற தோழிகளோடும் எனக்குப் பேச்சு இருக்கிறது. இன்றைய எல்லைப்படி எங்கள் மாவட்டத்தில் 2001இல் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். எந்த வீட்டு வாசலில் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பார்கள்? தலையை எண்ணியதால்தான் மறைக்க முடியவில்லை. 2011இல் அது 913 ஆனதும் எண்ணியதால்தான் தெரிந்தது. எண்ணுவதை அவர்களிடமே விட்டுவிட்டால் 92தான் மிஞ்சும்.

திரும்பப் போனேன். தலைவர் இல்லாத நேரம். “நேத்து எத்தன மணிக்கு எந்திரிச்சீங்கக்கா?”

“நாலரை இருக்கும் கண்ணு.”

ஒரே அரைமணிக் கட்டத்தில் அடுப்பு, பிள்ளை, மாடு என்று மூன்று வேலை வந்தது. தாளின் ஓரத்தில் எழுத வேண்டியிருந்தது.

ஆய்வேட்டில் தலைவர் சொன்ன அட்டவணையையும் அக்கா சொன்னதையும் அடுத்தடுத்து வைத்தேன். இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை.